கால்வாய்ப் படகில் கழிப்பறைத் தொல்லை: வாடையை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

நானும் என் கணவரும் இங்கிலாந்தில், கிராண்ட் யூனியன் கால்வாயில், 57 அடி நீளமுள்ள நாரோபோட் என்னும் ஒடுக்கமான கால்வாய்ப் படகு ஒன்றில் குடியிருக்கிறோம். வெளி அகலம் 6 அடி 10 அங்குலம். கழிப்பறைக்கும் படுக்கைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு மட்டுமே இருக்கிற வீடு இது. சின்னக் கோளாறு என்றாலும் அன்றைக்கே மூக்குக்குத் தெரிந்துவிடும். அப்படித் தெரிவது நல்லதுதான். மூக்கு சொல்வதைச் சரியாகக் கேட்டால் எந்த இடத்தில் பழுது என்று பாதிக்கு மேல் கண்டுபிடித்துவிடலாம்.

முதல் படகில் பம்ப்-அவுட் தொட்டி இருந்தது. அடுத்து கேசட்டுக்கு மாறினோம். இப்போது பிரிக்கும் கழிப்பறை வைத்திருக்கிறோம், ஒரு கேசட்டும் கைவசம் உண்டு. மூன்றோடும் பட்டுத் தெரிந்துகொண்டதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் படகில் இருப்பது எந்த வகை என்று முதலில் தெரிய வேண்டும்.

கேசட் என்றால் இருக்கைக்கு அடியில் 18 முதல் 20 லிட்டர் வரை கொள்ளும் ஒரு பெட்டி. நிறைந்ததும் இழுத்தெடுத்து எல்சன் பாயிண்ட்டுக்குத் தூக்கிப்போய்க் கொட்ட வேண்டும். எல்சன் என்பது 1924-ல் தொடங்கிய ஒரு கம்பெனியின் பெயர். இன்றைக்குக் கால்வாய்க்காரர்கள் கழிவு கொட்டும் இடத்தையே அப்படித்தான் சொல்கிறார்கள். பம்ப்-அவுட் என்றால் படகுக்குள்ளேயே நூற்றுக்கணக்கான லிட்டர் கொள்ளும் தொட்டி. மரினா என்னும் படகுத் துறையிலோ கால்வாய்க் கரை நிலையத்திலோ குழாயை மாட்டி உறிஞ்சி எடுப்பார்கள், அதற்குக் காசு. பிரிக்கும் கழிப்பறையில் சிறுநீர் முன்பக்கம் ஒரு கேனுக்குப் போகும், மலம் பின்பக்கம் ஒரு வாளியில் விழும். இதைப் பலர் 'கம்போஸ்ட் டாய்லெட்' என்கிறார்கள். படகில் இருக்கும்போது அது எருவாவதில்லை, காய்கிறது, அவ்வளவுதான். இந்த வித்தியாசம் பின்னால் முக்கியமாகும்.

எதைத் தொடுவதற்கு முன்னும் கையுறை போடுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள். தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே தலையை நீட்டாதீர்கள். அடைபட்ட தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு சேர்ந்திருக்கும். அளவு மிகுந்தால் மூக்கு மரத்து வாடையே தெரியாமல் போய்விடும், ஆள் மயங்கி விழுந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியும்.

படகு முழுக்க அழுகிய முட்டை வாடை (பம்ப்-அவுட்)

தொட்டிக்குள் காற்று போகவில்லை என்று அர்த்தம். காற்று கிடைக்கும் இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கும்போது வாடை பொறுக்கக்கூடியதாக இருக்கும். காற்று இல்லாத இடத்தில் வேறு கூட்டம் தலையெடுக்கும். முட்டை நாற்றம் அவற்றின் வேலை. ஆகவே கடையில் விற்கும் விலையுயர்ந்த கழிப்பறைத் திரவத்தை ஊற்றுவதற்கு முன் வென்ட் குழாயைப் பாருங்கள். தொட்டியிலிருந்து படகின் வெளிச்சுவருக்கு ஒரு குழாய் போகும். அதன் வாயில் சிலந்தி வலை, குளவிக் கூடு, பெயின்ட் அடித்தவர் கவனிக்காமல் பூசிவிட்ட பெயின்ட் என எதுவும் இருக்கலாம். தொட்டியை வழிய விட்டிருந்தால் கழிவு வென்ட்டுக்குள் ஏறிக் காய்ந்து அடைத்திருக்கும். எங்கள் முதல் படகில் இதுதான் நடந்தது. மூன்று வாரம் திரவத்தை மாற்றி மாற்றி ஊற்றிப் பார்த்தோம். கடைசியில் வளையும் கம்பியை வெளியிலிருந்து விட்டுக் குத்தி, ஹோஸ் பைப்பால் தண்ணீர் பாய்ச்சியதும் இரண்டு நாளில் வாடை போய்விட்டது. அந்த வேலைக்குத் தொட்டி காலியாக இருக்க வேண்டும். வாயால் ஊதிப் பார்க்கக் கூடாது.

வென்ட் அடைத்திருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. பம்ப்-அவுட் மெஷின் உறிஞ்சும்போது உள்ளே காற்று வர வழியில்லாமல் தொட்டியே உள்வாங்கி நசுங்கும், பிளாஸ்டிக் தொட்டி என்றால் விரிசல் விடும். இருக்கைக்கு நேர் கீழே தொட்டி இருக்கிற 'டம்ப்-த்ரூ' வகையாக இருந்தால் உறிஞ்சும் நேரத்தில் கழிப்பறை மடலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

வென்ட் சுத்தமாக இருந்தும் வாடை விடவில்லையா? குழாய்களைச் சோதியுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கழிவுக் குழாயைச் சுற்றிக் கட்டி, துணி ஆறியதும் எடுத்து வெளியே போய் முகர்ந்து பாருங்கள். துணியில் வாடை ஏறியிருந்தால் ரப்பர்க் குழாயே வாடையைக் கசிய விடுகிறது. பழசானால் அப்படித்தான் ஆகும். கழிவுக்கென்றே செய்த குழாயாகப் பார்த்து மாற்றுங்கள். தோட்டத்துக்குப் போடும் குழாயைப் போட்டால் கொஞ்ச நாளில் மறுபடி இதே கதை.

இப்போதுதான் காலி செய்தோம், ஆனால் 'நிறைந்தது' என்று காட்டுகிறது

இரண்டு காரணம். ஒன்று, அளவுமானியின் உணர்வியில் கழிவு ஒட்டிக் காய்ந்திருக்கும். இன்னொன்று, டம்ப்-த்ரூ தொட்டியில் இருக்கைக்கு நேர் கீழே மலமும் காகிதமும் கோபுரமாகக் குவிந்து இறுகியிருக்கும். உறிஞ்சும்போது சுற்றியுள்ள நீர் மட்டும் போய், கோபுரம் அப்படியே நிற்கும். தண்ணீரை மிச்சம் பிடிக்கிற படகுகளில் இது அதிகம். தொட்டி சீக்கிரம் நிறையக் கூடாதே என்று கொஞ்சமாக ஊற்றிப் பழகிவிடுகிறோம். அந்தச் சிக்கனமே தொட்டியின் கொள்ளளவைத் தின்றுவிடுகிறது.

ஒரு வாளி வெந்நீர் ஊற்றி (கொதிநீர் வேண்டாம்), படகை இரண்டு மணி நேரமாவது ஓட்டிவிட்டுப் பிறகு பம்ப்-அவுட்டுக்குப் போங்கள். அசைவிலேயே குவியல் இளகும். காலி செய்பவரிடம் இரண்டு முறை தண்ணீர் விட்டு அலசச் சொல்லுங்கள். காலியானதும் அடி மூடும் அளவுக்கு, 10 அல்லது 20 லிட்டர், தண்ணீர் ஊற்றிய பிறகுதான் திரவம் ஊற்ற வேண்டும். இதைப் பழக்கமாக்கினால் கோபுரம் மறுபடி எழாது.

படகு ஒரு பக்கம் சாய்கிறது

தொட்டி ஓரமாக அமைந்திருந்தால், நிறைய நிறைய அந்தப் பக்கம் பாரம். 200 லிட்டர் என்றால் 200 கிலோ. கோளாறு அல்ல, எடை. எதிர்ப்பக்கத்தில் நிலக்கரி மூட்டையை வைத்து நிரவுகிறார்கள். சாய்வைப் பார்த்தே தொட்டியின் அளவைச் சொல்லிவிடுகிற பழைய படகுக்காரர்கள் உண்டு.

பட்டனை அழுத்தினால் உறுமுகிறது, ஆனால் போகவில்லை (மாசரேட்டர்)

மாசரேட்டர் என்பது கழிவை அரைத்து மெல்லிய குழாய் வழியாகத் தள்ளுகிற 12 வோல்ட் மோட்டார். சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸையும் ஸ்விட்சையும் பாருங்கள். உறுமல் மட்டும் வந்தால் கத்தியில் ஏதோ சிக்கியிருக்கிறது. பெரும்பாலும் ஈரத் துடைப்பான், பல்லிடுக்கு நூல், பஞ்சு இவற்றில் ஒன்று. பாக்கெட்டில் 'ஃப்ளஷ் செய்யலாம்' என்று எழுதியிருந்தாலும் ஈரத் துடைப்பானைப் போடாதீர்கள். மோட்டார் நன்றாகச் சுற்றியும் தள்ளாவிட்டால் குழாயில் அடைப்பு. சுற்றுவதே சோம்பலாக இருந்தால் பேட்டரியைப் பாருங்கள். மோட்டார் ஓடும்போதே வோல்ட்மீட்டரை வைத்து அளக்க வேண்டும், ஓடாதபோது எடுக்கும் அளவு எதையும் சொல்லாது. பேட்டரியில் சரியாக இருந்து மோட்டார் முனையில் மட்டும் குறைந்தால் வயர் மெல்லியது, அல்லது இணைப்பு துருப்பிடித்திருக்கிறது.

ஃப்ளஷ் செய்த கொஞ்ச நேரத்தில் பழுப்புத் தண்ணீர் மெல்லத் திரும்பி வந்து கிண்ணத்தில் நிற்கிறதா? ஒருவழி ரப்பர் வால்வு தளர்ந்துவிட்டது, அல்லது அதில் உப்பு படிந்திருக்கிறது. சிறுநீரும் கடின நீரும் சேர்ந்தால் குழாயின் உட்சுவரில் சுண்ணாம்பு போலப் படியும், மெல்ல மெல்லக் குழாயே ஒடுங்கிவிடும். வாரம் ஒருமுறை இரவில் ஒரு டம்ளர் வெள்ளை வினிகரை ஊற்றி, காலை வரை ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். நாங்கள் செய்த பராமரிப்புகளிலேயே மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தந்தது இதுதான். ஆனால் வினிகர் ஊற்றுகிற இடத்தில் பிளீச்சிங் திரவம் ஒருபோதும் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். இந்தச் சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து. பிளீச்சிங் திரவம் ரப்பர் சீல்களையும் தின்றுவிடும் என்பதால் மூன்று வகைக் கழிப்பறைக்குமே அது வேண்டாம்.

கேசட்டில் மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று மேலே தெறிக்கிறது

வெயில் நாளில் பெட்டிக்குள் வாயு சேர்ந்து அழுத்தம் ஏறுகிறது. அழுத்தத்தை வெளியேற்றும் சின்ன வென்ட் அடைத்திருக்கலாம். பெட்டியை வெளியே எடுத்து அந்த இடத்தை வெந்நீரால் கழுவுங்கள். கிண்ணத்துக்கும் பெட்டிக்கும் நடுவே நகரும் தட்டைத் திறக்கும்போது முதலில் ஒரு நூலளவு திறந்து, சத்தம் அடங்கியபின் முழுதாகத் திறக்கப் பழகுங்கள்.

கிண்ணத்தில் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடுகிறது என்றால் தட்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீல்தான். காகிதத் துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். காய்ந்திருந்தால் சிலிக்கன் ஸ்பிரே அடியுங்கள். வாசலீனும் சமையல் எண்ணெயும் ரப்பரை உப்ப வைக்கும் என்பதால் அவற்றைத் தவிர்க்கிறோம். வெடித்திருந்தால் புது சீல் வாங்குங்கள். திருகிக் கழற்றி மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

கேசட் வெளியே வரமாட்டேன் என்கிறதா? இழுத்து மல்லுக்கட்டாதீர்கள். தட்டு முழுதாக மூடியிருக்காது. மூடாத பெட்டி வெளியே வரக் கூடாது என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். உள்ளே போய் மூடிவிட்டு வாருங்கள்.

கொட்டும்போது 'களக் களக்' என்று மேலே தெறித்தால் பெட்டிக்குள் காற்று விடும் பட்டனை அழுத்திக்கொண்டே சாய்க்க வேண்டும். முதல் மாதம் முழுக்க இது தெரியாமல் உடம்பெல்லாம் தெறித்துக் குளித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் படகிலிருந்த ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து அந்த பட்டனில் வைத்துக் காட்டினார். அந்த உதவியை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

நீலத் திரவமா, பச்சைத் திரவமா என்ற கேள்வி அடிக்கடி வரும். நீலத்தில் பல வகைகள் ஃபார்மால்டிஹைடு கலந்தவை. அவை நுண்ணுயிரைக் கொன்று வாடையை நிறுத்துகின்றன. பச்சையில் நுண்ணுயிரும் நொதியும் வேலை செய்கின்றன. ஊருக்கு ஒதுக்குப்புறமான சில எல்சன் பாயிண்ட்டுகள் செப்டிக் டேங்கில்தான் போய்ச் சேரும். அங்கே நீலத்தைக் கொட்டினால் அந்த டேங்கை வாழவைக்கும் நுண்ணுயிர்களும் சாகும். அதனால் நாங்கள் பச்சைதான். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது பெட்டியை நன்றாக அலசிவிட்டு மாறுங்கள். கலந்தால் பச்சைக்குப் பலன் இருக்காது.

கண்ணை எரிக்கும் அம்மோனியா வாடை (பிரிக்கும் கழிப்பறை)

சிறுநீர்க் கேனிலிருந்து வருகிறது. புதுச் சிறுநீருக்கு வாடை குறைவு. ஓரிரு நாள் போனால் அதிலுள்ள யூரியா உடைந்து அம்மோனியாவாகிறது. ஒருவருக்கு நாளைக்கு ஒன்றரை லிட்டர் என்று வைத்தால், இரண்டு பேருக்கு 10 லிட்டர் கேன் மூன்று நாள். அது நிறையும்வரை காத்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. காலியான கேனில் வினிகர் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கிவிட்டு மாட்டுங்கள். கேனுக்குப் போகும் குழாய் பள்ளமாகத் தொங்கினால் அதில் பழையது தேங்கி நிற்கும். சரிவாக நேர் செய்யுங்கள். சிறுநீர் மெல்ல இறங்கினால் உள்ளே உப்புப் படிகமும் முடியும் சேர்ந்திருக்கும். சிட்ரிக் அமிலம் கரைத்த வெந்நீரை ஊற்றி ஒரு மணி நேரம் ஊற விடுங்கள்.

சிறுநீர்தானே என்று கால்வாயில் ஊற்றாதீர்கள். எல்சன் பாயிண்ட்டுக்குத்தான் போக வேண்டும். பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் நேரே கால்வாயில் இறங்குகிற வீடு இது. அதற்கு மேல் இந்த நீருக்கு நாம் சுமை ஏற்றக் கூடாது.

வாளியிலிருந்து சாக்கடை வாடை, உள்ளே ஈரம்

காய வேண்டியது காயவில்லை. மூன்றைப் பாருங்கள். விசிறி சுற்றுகிறதா? கம்ப்யூட்டரில் இருப்பது போன்ற சின்ன 12 வோல்ட் விசிறி அது, இரவு பகலாக ஓட வேண்டும். குளிர்காலத்தில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அதை நிறுத்துகிறவர்கள் உண்டு. நிறுத்தாதீர்கள். அடுத்து, போதுமான அளவு மூடுபொருள் போடுகிறீர்களா? ஒவ்வொரு முறையும் ஒரு கை தென்னை நார்த்தூளோ மரத்தூளோ. கடைசியாக, சிறுநீர் பின்பக்கம் சிந்துகிறதா? ஆண்களும் உட்கார்ந்துதான் போக வேண்டும். விருந்தாளிகளுக்கு முதலிலேயே கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

நான்காவது ஒன்று நம் ஆட்களுக்கு மட்டும் உண்டு, அதை எந்தக் கையேடும் சொல்லவில்லை. நாம் தண்ணீரால் கழுவுகிறவர்கள். பிரிக்கும் கழிப்பறையில் கழுவும் நீர் பின்வாளியில் விழுந்தால் இரண்டே நாளில் எல்லாம் சேறாகிவிடும். நான் குளித்தலைக்காரி. ஆற்றுக்கு அக்கரையில் முசிறியில் மலத்தையும் சிறுநீரையும் பிரிக்கும் கழிப்பறைகளைக் கட்டினார்கள். அங்கே கழுவுவதற்கென்றே தனி இடம் வைத்து, அந்த நீரைச் செடிகள் நட்ட பாத்திக்கு விட்டார்கள். இங்கிலாந்தில் வாங்கிய கழிப்பறையில் அந்த மூன்றாவது வழி இல்லை.

ஊரிலிருந்து வந்த அம்மா முதல் நாளே கேட்டுவிட்டார்: "ஏம்மா, இதுல எங்கடி கழுவுறது?" அந்தக் கேள்விக்குப் பதில் தேடி நாங்கள் கண்ட வழி இது. முதலில் காகிதத்தால் நன்றாகத் துடைத்துவிடுவது. பிறகு 250 மில்லி பிடிக்கும் பிதுக்கு பாட்டிலால், முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, நீர் சிறுநீர்ப் பக்கம் இறங்கும்படி கழுவுவது. அந்தக் கேன் எப்படியும் எல்சன் பாயிண்ட்டுக்குத்தான் போகிறது. ஆனால் அப்படிக் கழுவிய கேனில் உள்ளதைச் செடிக்கு ஊற்றக் கூடாது. ஷவர்த் தட்டில் போய்க் கழுவுவதும் கூடாது, அந்த நீர் பம்ப் வழியாக நேரே கால்வாய்க்குப் போகிறது. கேசட்டில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை, பெட்டி சற்றுச் சீக்கிரம் நிறையும், அவ்வளவே. வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அல்லது தண்ணீரை விட முடியாது என்றால், கேசட்டே வாங்குங்கள். ஒரு கருவிக்காக ஆயுட்காலப் பழக்கத்தை மாற்றச் சொல்லி அம்மாவை வற்புறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்தக் கைவசக் கேசட் அவருக்காக வாங்கியதுதான்.

சின்னச் சின்ன ஈ

நார்த்தூளோடு முட்டை வந்திருக்கும், அல்லது வென்ட் வழியாக வந்திருக்கும். வென்ட் வாயில் மெல்லிய வலை கட்டுங்கள். நார்த்தூளைக் கொதிநீரில் ஊறவைத்து, ஆறவிட்டு, உலர்த்திப் பயன்படுத்துங்கள். வாளியில் பழத்தோல், காய்கறிக் கழிவு போடாதீர்கள். வந்துவிட்ட பிறகு வாளியை முழுதாகக் காலி செய்து புதிதாகத் தொடங்குவதுதான் தீர்வு.

எல்லாம் சரியாக ஓடுகிறது, ஆனால் கொட்ட இடமில்லை

மிகக் கடினமான கோளாறு இதுதான், ஏனென்றால் ஸ்பானரால் தீர்க்க முடியாது. கழிப்பறை வாங்குகிறவர்கள் இருக்கையைப் பார்த்து வாங்குகிறார்கள். எங்கே காலி செய்யப் போகிறோம் என்று பார்த்து வாங்க வேண்டும்.

நிரந்தரத் துறை இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் படகுகள் ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது என்பது 1995-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டம் வைத்த விதி. அப்படிச் சுற்றுகிறவருக்கு பம்ப்-அவுட் நிலையம் எங்கே, அது வேலை செய்கிறதா என்பது மாதந்தோறும் கவலை. குளிர்காலத்தில் படகை ஏற்றி இறக்கும் பூட்டு மதகுகளைப் பழுது பார்க்கக் கால்வாயை ஆங்காங்கே அடைப்பார்கள், உறைபனி பிடித்தால் படகே நகராது. முழுத் தொட்டியோடு பனியில் மாட்டிக்கொண்ட படகுக்கு வழியே இல்லை. கேசட்காரர் பெட்டியைச் சின்ன வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு கரையோரம் நடந்துவிடுவார். நிறைந்த பெட்டி 20 கிலோவுக்கு மேல் என்பதையும் நினையுங்கள். முதுகுவலி உள்ளவருக்கு அது பெரிய விஷயம். பம்ப்-அவுட் வைத்திருப்பவர்கள் ஒரு கையடக்கக் கழிப்பறையையும் கட்டிலுக்கடியில் வைத்திருப்பது நல்லது.

பிரிக்கும் கழிப்பறை வாங்குகிறவர்கள் 2021-இல் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதுவரை பலர் காய்ந்த மலத்தைப் பையில் கட்டிக் கரையோரக் குப்பைத் தொட்டியில் போட்டுவந்தார்கள். பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் என்ற அரசு அமைப்பிடமிருந்து 2012-இல் இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களைப் பொறுப்பேற்ற கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட், 2021 முடிவோடு அதை நிறுத்தச் சொல்லிவிட்டது. குப்பையைக் கையால் தொடுகிற தொழிலாளிகளை நினைத்தால் அது நியாயமான முடிவுதான். ஆனால் இந்த வகையை நம்பி வாங்கியவர்களுக்கு அது பெரிய இடி. உண்மையில் எருவாக வேண்டுமென்றால் மூடிய கலனில் ஒரு வருடமாவது கிடக்க வேண்டும். அதற்குச் சொந்த நிலமோ, சம்மதிக்கிற நண்பரின் தோட்டமோ வேண்டும். எங்களுக்கு ஒரு நண்பர் வீட்டுக் கொல்லையில் நான்கு கலன் வைக்க இடம் கிடைத்தது. நிறைந்த கலனின் மேல் தேதி எழுதி ஒட்டுகிறோம். ஒரு வருடம் கழித்துத் திறந்தால் காட்டு மண் வாசனை. அதையும் பூச்செடிக்கும் மரத்துக்கும்தான் போடுகிறோம், காய்கறிக்கு இல்லை. அந்தக் கொல்லை கிடைத்திராவிட்டால் நாங்கள் இந்த வகைக்கு மாறியிருக்க மாட்டோம்.

ஆகவே படகு வாங்கப் போகிறவர்கள் முதலில் வரைபடத்தை எடுங்கள். நீங்கள் சுற்றப்போகும் பாதையில் எல்சன் பாயிண்ட்டுகளையும் பம்ப்-அவுட் நிலையங்களையும் குறியுங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை மைல், எத்தனை பூட்டு மதகு என்று எண்ணுங்கள். மரினாவில் நிரந்தரத் துறை, அங்கேயே பம்ப்-அவுட் என்றால் பெரிய தொட்டி வசதி. சுற்றுகிறவர் என்றால் மூன்று கேசட் பெட்டி: ஒன்று உபயோகத்தில், இரண்டு காத்திருப்பில். பழைய படகு வாங்கினால் தொட்டி இரும்பா என்று கேளுங்கள். படகின் இரும்புச் சுவரையே தொட்டியின் ஒரு பக்கமாக வைத்துப் பற்றவைத்தது என்றால், அடித்தளத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் கழிப்பறையில் உணவுக்குப் போடும் சிவப்புச் சாயத்தைக் கரைத்து ஊற்றி, மறுநாள் அடித்தளத்தில் அந்த நிறம் தெரிகிறதா என்று பார்க்கலாம். தெரிந்தால், விலை பேசுவதற்கு முன் தொட்டி மாற்ற ஆகும் செலவைக் கேட்டுவிட்டு வாருங்கள்.